20 கேபி ராமில் ஃப்ரீஆர்டிஓஎஸ்: கேள்வி பதில்

வியாசர்பாடி மாணவர்: அண்ணா, கேப்டன் காட்டன் கால்வாயில் நீர்மட்டம் அளக்க ஒரு புராஜெக்ட். எஸ்டிஎம்32எஃப்103சி8 போர்டில் ஃப்ரீஆர்டிஓஎஸ் (சின்ன சிப்புகளுக்கான ஆர்டிஓஎஸ், அதாவது நிகழ்நேர இயங்குதளம்), மூன்றே டாஸ்க் (தனித்தனியாக ஓடும் வேலை). கம்பைல் செய்தால் 20 கேபி ராமில் 17 கேபி போய்விட்டது என்கிறது. ஆர்டிஓஎஸ் இவ்வளவு தின்னுமா?

பதில்: தின்னாது தம்பி. ஆர்டிஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னல் தனக்கென்று எடுப்பது சில நூறு பைட்தான். கான்ஃபிக் கோப்பில் மொத்த ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) அளவைப் பாருங்கள், 15 கேபி பக்கம் போட்டிருப்பீர்கள். ஹீப்பை நிர்வகிக்கும் ஹீப்_4 கோப்பு அந்த இடம் முழுவதையும் ஒரே அரேயாக முன்பே பிடித்துக்கொள்ளும். வீட்டு சம்ப் மாதிரிதான்: தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோண்டிய இடம் தோண்டியதுதான். கம்பைலருக்குக் குழியின் அளவு மட்டும்தான் தெரியும். உள்ளே மிச்சம் எவ்வளவு வரை குறைந்தது என்பதை 'மினிமம் எவர் ஃப்ரீ ஹீப் சைஸ்' ஃபங்ஷன் சொல்லும். எல்லா டாஸ்க்கும் ஓடி, சென்சார், சீரியல் எல்லாம் ஒரு சுற்று வேலை பார்த்த பிறகு அதைக் கூப்பிடுங்கள். அப்புறம் மேப் கோப்பைத் திறந்து பாருங்கள். ராமில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை: ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஸ்டேக் (டாஸ்க் தன் தற்காலிக மாறிகளை வைக்கும் இடம்) 1024 கொடுத்தேன். 12 கேபி ஹீப்பில் மூன்றாவது டாஸ்க்கே உருவாகவில்லை.

பதில்: அந்த 1024 பைட் இல்லை, வேர்ட். 32 பிட் சிப்பில் ஒரு வேர்ட் 4 பைட், அதனால் 4 ஆல் பெருக்குங்கள்: ஒரு டாஸ்க்குக்கு 4 கேபி. மூன்று டாஸ்க்குக்கே 12 கேபி ஆகிவிட்டது, டாஸ்க்கின் விவரத்தை வைக்கும் கன்ட்ரோல் பிளாக்குக்கு இடம் இல்லை. இஎஸ்பி32 சிப்புக்கு, அதைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் தரும் ஃப்ரீஆர்டிஓஎஸ் வடிவத்தில் இது பைட் கணக்கு. அங்கே எழுதியதை இங்கே ஒட்டுவதால்தான் பாதிக் குழப்பம். டாஸ்க் உருவாக்கும் ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது என்பதையும் பாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை.

காசிமேடு: ஐஸ் பெட்டியின் வெப்பநிலையைத் தசமத்தோடு பிரிண்ட்எஃப்பில் அச்சடித்தால் போர்டு தொங்கிவிடுகிறது. முழு எண்ணாக அச்சடித்தால் ஓடுகிறது.

பதில்: பிரிண்ட்எஃப் ஸ்டேக்கை நிறைய இழுக்கும். தசமம் வந்தால் நியூலிப் (கம்பைலரோடு வரும் சி லைப்ரரி) உள்ளுக்குள் மாலாக்கையும் (நினைவகம் கேட்கும் ஃபங்ஷன்) கூப்பிடும். அந்த மாலாக் எடுப்பது ஃப்ரீஆர்டிஓஎஸ் ஹீப்பில் இருந்து அல்ல, அது வேறு இடம். 128 வேர்ட், அதாவது 512 பைட் ஸ்டேக்கில் இது ஓடாது. வெப்பநிலையை 10 ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்து, அச்சடிக்கும்போது புள்ளியை நீங்களே போடுங்கள். கான்ஃபிக் கோப்பில் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ (ஸ்டேக் நிரம்பி வழிவது) சோதனையை 2 என்று வைத்து, அது பிடித்ததும் கூப்பிடும் ஹூக் ஃபங்ஷனில் ஒரு எல்இடியை எரிய விடுங்கள். இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது, ஆனாலும் இதில்லாமல் யாரும் போர்டை வெளியே அனுப்பக் கூடாது.

எண்ணூர்: ஸ்டேக் 512 கொடுத்தால் 512 பைட்தானே?

பதில்: தண்டையார்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மணலி: இதற்கெல்லாம் எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில்: என் துறை இல்லை. ரிச்சி தெருவில் கேளுங்கள்.

பெரம்பூர்: சார், ஹீப்பே எதற்கு? எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகவே, அதாவது இடத்தை முன்பே ஒதுக்கி, உருவாக்கலாமே. லிங்க் ஆகும்போதே ராம் கணக்கு தெரிந்துவிடும்.

கொடுங்கையூர்: அதெல்லாம் பழைய பிடிவாதம். ஹீப்_4 விடுவித்த பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்துவிடுகிறது. பிறகு என்ன பயம்?

பதில்: பெரம்பூர் சார் பக்கம்தான் நான். ஹீப்_4 அடுத்தடுத்த துண்டுகளைத்தான் சேர்க்கும். நடுவில் ஒரு கியூ (டாஸ்க்குகள் தகவல் கடத்தும் வரிசை) உயிரோடு இருந்தால் இரண்டு பக்கமும் துண்டாகவே நிற்கும்.

கொடுங்கையூர்: தொடக்கத்தில் உருவாக்கி, பிறகு அழிக்கவே இல்லை என்றால்?

பதில்: அப்படியானால் துண்டாவது என்ற பேச்சே இல்லை, உங்கள் வாதம் சரி. ஆனால் அதற்கு ஹீப்_1 போதும், அதில் விடுவிக்கவே முடியாது. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் வந்து டாஸ்க்கை அழிக்கும் வரியைச் சேர்ப்பார், அதுதான் என் கவலை. தன்னைத்தானே அழித்துக்கொண்ட டாஸ்க்கின் நினைவகத்தை ஐடில் டாஸ்க்தான் (வேறு வேலை இல்லாதபோது ஓடுவது) விடுவிக்கும். மற்ற டாஸ்க்குகள் அதற்கு நேரம் விடாவிட்டால் ஹீப் குறைந்துகொண்டே போகும்.

ராயபுரம்: ஆர்டுயினோ ஊனோவில் ஓடுமா?

பதில்: ஓடும், ஆனால் ஏவிஆர் சிப் உள்ள ஊனோவில் ராம் 2 கேபிதான். ஏவிஆரில் இன்டரப்ட்டும் (இடையில் குறுக்கிடும் அவசர வேலை) ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் ஸ்டேக்கையே எடுக்கும். அதனால் ஒவ்வொரு டாஸ்க்கிலும் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். எஸ்டிஎம்32-இல் உள்ள கார்டெக்ஸ்-எம்மில் இன்டரப்ட்டுக்குத் தனி ஸ்டேக்.

திருவொற்றியூர்: ஹை வாட்டர் மார்க் (ஸ்டேக்கில் மிச்சமிருந்த குறைந்தபட்ச இடம்) 40 காட்டுகிறது. பைட்டா?

பதில்: வேர்ட். மூன்றாவது முறை சொல்கிறேன். 160 பைட் மிச்சம்.

பெரம்பூர்: ஸ்டாட்டிக்கை ஆன் செய்தேன், லிங்கர் பிழை வருகிறது.

பதில்: ஐடில் டாஸ்க்குக்கும், டைமர் பயன்படுத்தினால் டைமர் டாஸ்க்குக்கும் நினைவகம் தரும் ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டும் சார். பிழைச் செய்தியில் அந்தப் பெயர்தான் இருக்கும்.