4294967297 பகா எண்ணா? கணினி "ஆம்" என்கிறதே, ஏன்?

இல்லை, அது பகு எண். 641 × 6700417 = 4294967297; இரு காரணிகளும் பகா எண்கள்.

இது 2³² + 1. இதைப் பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் மற்றொரு கணிதவியலாளரான ஆய்லர் இதைக் காரணிகளாக உடைத்தார். இதன் எந்தப் பகாக் காரணியும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதே விடை!

பெருக்காமலே சரிபார்க்கலாம், அழகான வழி இது. 641 = 5 × 2⁷ + 1. ஆக 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்கள்: −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

கணினி ஏமாறுவது பெரும்பாலும் 2-ஐ அடிமானமாக வைத்த ஃபெர்மா சோதனையால்: n பகா எண்ணா என்று அறிய, 2ⁿ⁻¹-ஐ n-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. இங்கே n நம் எண்; n-ஆல் வகுத்தால் 2³²-க்கு மீதி −1, ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1; n − 1 = 2³² என்பது 64-இன் மடங்கு, சோதனை தேறிவிடும். அடிமானத்தை 3 ஆக்கினால் குட்டு வெளிப்படும். குறியற்ற (unsigned) 32 பிட் மாறியையும் தவிருங்கள்: இந்த எண் அதில் 1 ஆகச் சுருங்கிவிடும். 64 பிட் போதும், ஆனால் மட்டுக்கணக்கில் (மீதிகளை மட்டும் வைத்துச் செய்யும் கணக்கில்) இரு மீதிகளின் பெருக்கம் 64 பிட்டையும் தாண்டலாம்; அதற்கு 128 பிட் வேண்டும்.