பாம்பனில் வெளியே நிற்கும் காருக்கு வாக்ஸ் நல்லதா, வேறு பூச்சு நல்லதா?

வீட்டு வாசலில் வெயிலிலும் கடற்காற்றிலும் நிற்கும் காருக்கு எதைப் பூசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பனையிலையிலிருந்து எடுக்கும் கார்னாபா வாக்ஸ் (மெழுகு) அழகான மினுமினுப்பைத் தரும். ஆனால் அது சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும் என்பதால், பல மாதங்கள் தாங்கும் செயற்கை பாலிமர் சீலண்ட் என்னும் பாதுகாப்புப் பூச்சையே நான் பரிந்துரைப்பேன். பாலிஷ் என்பது பாதுகாப்புப் பூச்சு அன்று. அது நுண்துகள்களால் பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலத்தைத் தேய்த்தே மெல்லிய கீறல்களைப் போக்குகிறது என்பதால், அடிக்கடி போடக் கூடாது.

எதைப் பூசினாலும், தனுஷ்கோடி சென்று வந்ததும் கதவிடுக்கிலும் சக்கர வளைவிலும் படிந்த உப்பையும் மணலையும் முதலில் நன்னீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். மணலோடு துணியால் துடைத்தால் வட்ட வட்டமாகக் கோடுகள் விழும். நம் பகுதியின் உவர் கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் படியும், ஆகவே கடைசி வாளியாவது குடிநீராக இருக்கட்டும். துரு ஏறிய இடத்தை வாக்ஸும் சீலண்டும் குணப்படுத்தாது; அங்கே துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்து டச்சப் செய்த பின்பே பூசுங்கள்.