குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகு வக்கீலுக்கு என்ன வேலை?

‘தீர்ப்புதான் வந்துவிட்டதே, இனி வக்கீல் பேசி என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும் கடுமையான குற்ற வழக்கைப் பொறுத்தவரை, பாதி வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

குற்றவாளி என்று அறிவித்த நீதிபதி, தண்டனை பற்றி குற்றவாளியின் தரப்பைத் தனியாகக் கேட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 235(2). 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் பிரிவு 258(2). இது சடங்கு அல்ல. இப்படிக் கேட்காததால் சாந்தா சிங் வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையையே ரத்து செய்து, தண்டனை பற்றி அவர் தரப்பைக் கேட்டு மறுபடி முடிவு செய்யச் சொன்னது.

ஆனால் பலர் ‘வயதான தாய் இருக்கிறார், கருணை காட்டுங்கள்’ என்று ஒரு வரியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வீணான வாய்ப்பு. வயது, முன்குற்றம் இல்லாமை, மனநல மருத்துவ ஆவணம், சிறையில் நடந்துகொண்ட விதம் என்று கையில் காகிதம் வேண்டும். குற்றம் சிறியதென்றால் 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கே போகாமல் விடக் கேட்கலாம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது: ஒரே வழக்கில் பல பிரிவுகளில் தண்டனை என்றால், அவை ‘ஏககாலத்தில்’, அதாவது ஒரே நேரத்தில் ஓடுமா, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்குமா என்று புதிய சட்டப்படி நீதிபதி உத்தரவிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்று என்றால் மூன்று ஆண்டும் ஐந்து ஆண்டும் எட்டாகிவிடும். ‘ஏககாலத்தில்’ என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்குவது வக்கீலின் பொறுப்பு. விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களையும் தண்டனையிலிருந்து கழிக்கச் சொல்ல மறக்கக் கூடாது.