மாமி யாருக்காகச் சேலை உடுத்துகிறார்?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது. முதல் நன்மை (நற்கருணை) எடுத்த வருடத்திலிருந்து, பூசையில் சுவாமிக்கு உதவும் பீடப்பணியாளனாக நின்ற பிள்ளை, எட்டு மாதமாக ஞாயிறு பூசைக்கு வர மறுக்கிறான். முதலில் டியூஷனைச் சாட்டுச் சொன்னான். வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். இப்போது, “அதையே போனில் பார்க்கலாம்தானே, நேரில் போய் என்ன?” என்கிறான். நானும் கணவரும் ஒரு ஞாயிறும் தவறவிடுவதில்லை. நான் எங்கள் கோயில் பங்கின் வின்சென்ட் டி போல் சபையிலும் இருக்கிறேன். வீட்டில் 78 வயது மாமி. கொட்டாஞ்சேனையில் இருந்தவர், மாமா காலமான பிறகு 2021இலிருந்து எங்களோடுதான். முழங்கால் வருத்தம், லிப்டும் இல்லை. ஏற்றி இறக்குவது கரைச்சல் என்பதால் டிவியில் பூசையைப் போட்டுவிட்டுப் போவோம். பாவம், அவர் காலை ஆறு மணிக்கே குளித்து, நல்ல சேலை உடுத்தி, முக்காடும் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் இருந்துவிடுவார். எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மகனும் கெட்டவன் இல்லை. மாமியின் கிளினிக் நாளில் அவன்தான் கைபிடித்து இறக்குவான். பூசைக்கு மட்டும்தான் வருகிறானில்லை. பங்கில் எல்லோரும் அவனைக் கேட்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது. எப்படி அவனைத் திருப்புவது?

ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

தங்கச்சி, இந்தக் கடிதத்தைப் பல வருடங்களாகப் பல கையெழுத்துகளில் வாசித்துவிட்டேன். “வயது அப்படி, செபியுங்கள், ஒருநாள் திரும்பி வருவான்” என்று எழுதினால் உங்களுக்கு மனம் ஆறும். அதை உங்கள் அன்பியத்தில், அந்த அயல் வீட்டுச் செபக்குழுவில், யாரும் சொல்வார்கள், நான் சொல்லப் போவதில்லை.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு தடவை வாசித்தேன். மாமியின் சேலையைப் பற்றிய வரியை நாலைந்து தடவை வாசித்தேன்.

முழங்கால் மடங்காத ஒரு பெண் சேலை உடுத்துவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? கொய்யகத்தைப் பிடித்து மடித்துவிடலாம், ஆனால் கீழ்க்கரையைச் சரிசெய்யக் குனிய முடியாது. கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு, கால் பெருவிரலால் கரையை மிதித்து இழுக்க வேண்டும். தோளில் ஊசி குத்தக் கை பின்னால் போகாது. அரை மணித்தியாலம் போய்விடும். வீட்டில் டிவி பார்ப்பதற்கு யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா? டிவியில் பூசை ஒப்புக்கொடுக்கும் சுவாமிக்கு உங்கள் மாமி என்ன உடுத்தியிருக்கிறார் என்று தெரியாது.

அவர் வெளிக்கிட்டு இருக்கிறார், தங்கச்சி. ஒவ்வொரு ஞாயிறும் வெளிக்கிட்டு, “மாமி, வாங்கோ போவம்” என்ற சொல்லுக்காக அந்தக் கதிரையில் இருக்கிறார். நீங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறீர்கள். அதைத்தான் “ஒரு தொந்தரவும் இல்லை” என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது கை கொஞ்சமும் நிற்கவில்லையா?

“அவர் கேட்கவில்லையே” என்று சொல்வீர்கள். கேட்கமாட்டார். மருமகளின் வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிற 78 வயதுக்காரி, தன்னால் யாருக்கும் கரைச்சல் வரக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார். அவர் வாய் திறக்கவில்லை என்பதற்காக விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வது உங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

டிவிப் பூசையை நான் குறை சொல்லவில்லை. அது எப்படி நம் வீடுகளுக்குள் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, கொழும்பில் கோயில்கள் பூட்டிக் கிடக்க, கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை டிவியில் பார்த்தோம். என் வீட்டில் நாங்கள் எல்லோரும் டிவிக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு, மறுபடியும் டிவி. வெளியே போக வழியில்லாத நாட்களில் அது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கொச்சிக்கடைக் கோயில் ஜூன் 12ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், திரும்பத் திறந்ததே. பையைத் திறந்து காட்டிவிட்டு, பயத்தோடு உள்ளே போனோமே. எதற்காகப் போனோம்? டிவியில் பார்ப்பது போதும் என்றால் அப்போதே இருந்துவிட்டிருக்கலாம்.

போதாது. டிவியில் சமாதானம் சொல்லிக் கும்பிடப் பக்கத்தில் ஆள் இல்லை. டிவியில் நன்மை வாங்க முடியாது. உங்கள் மாமி கடைசியாக நன்மை வாங்கியது எப்போது என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. மகன் வராத மாதங்களைச் சரியாக எண்ணி எட்டு என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, மாமி நன்மை வாங்காத மாதங்களின் கணக்குத் தெரியுமா?

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன். “அதையே போனில் பார்க்கலாம்தானே” என்று அவன் கேட்டது உங்களுக்கு ஏதோ வெளியிலிருந்து வந்த கெட்ட பழக்கமாகத் தெரிகிறது. அவன் 12 வயதிலிருந்து உங்கள் வீட்டு ஹோலில் பார்த்ததைத்தான் உங்களிடமே திருப்பிச் சொல்கிறான். அப்பம்மாவுக்கு டிவி போதும் என்று தீர்மானித்தவர்கள் நீங்கள். நேரில் போவதும் திரையில் பார்ப்பதும் ஒன்றுதான், கரைச்சல் என்றால் விட்டுவிடலாம் என்று அவனுக்குப் படிப்பித்தது யார்? உங்கள் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கிறது. அவன் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கிளினிக் விஷயத்தையும் விடமாட்டேன். கிளினிக் நாளில் மாமி அதே மூன்று மாடியை இறங்குகிறார். பேரன் கைபிடிக்கிறான். ஓட்டோ வாசலுக்கு வருகிறது. அங்கே இருந்து, காத்திருந்து, மருந்து எடுத்துக்கொண்டு திரும்ப மூன்று மாடி ஏறுகிறார். அப்போது முடிகிற படிக்கட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியாமல் போகிறதா? பிரஷர் மாத்திரைக்கு இறக்கலாம், நன்மை வாங்க இறக்க முடியாது என்றால், அந்தப் பிள்ளை அதிலிருந்து என்ன விளங்கிக்கொள்வான்?

திருச்சபை இதில் கடுமையாக இல்லை. நோயும் கைக்குழந்தையைப் பராமரிப்பதும், பூசைக்குப் போகவேண்டும் என்ற ஞாயிறு கடனிலிருந்து விலக்குத் தரும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2181ஆம் எண்ணில் தெளிவாகவே சொல்கிறது. மாமி வராவிட்டால் அவருக்குப் பாவமில்லை. ஆனால் அந்த விலக்கு நோயாளிக்காகத் தரப்பட்டது, நோயாளியைக் கூட்டிப்போகச் சலிப்புப்படுகிறவர்களுக்காக இல்லை. ஆண்டவருடைய நாளைப் பரிசுத்தமாக அனுசரி என்பது மூன்றாம் கட்டளை. தாய் தந்தையை மதித்து நட என்பது நான்காவது. மூன்றாவதை மகன் மீறுகிறான் என்று வெட்கப்படுகிறீர்கள். நான்காவதை நீங்கள் மீறுவதை ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது பூட்டிய கதவுக்குள்ளே நடக்கிறது.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை: நீங்கள் வின்சென்ட் டி போல் சபையில் இருக்கிறீர்கள். அந்தச் சபை 1833இல் பாரிஸில் தொடங்கியது எப்படி என்று உங்கள் கூட்டத்தில் சொல்லியிருப்பார்கள். பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரிடம், “உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?” என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். அவரும் நண்பர்களும் விவாதத்தை விட்டுவிட்டு ஏழைகளின் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்கள். வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் இன்றும் அந்தச் சபையின் முதல் வேலை. நீங்களும் போயிருப்பீர்கள், தனியாக இருக்கிற முதியவர்களோடு இருந்து கதைத்திருப்பீர்கள். நல்ல வேலை, விடவேண்டாம். ஆனால் பூசை முடிந்து நீங்கள் இன்னொரு வீட்டுக் கிழவியோடு கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், உங்கள் வீட்டுக் கிழவி சேலையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருப்பார்.

பங்கில் எல்லோரும் மகனைக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். மாமியை ஒருவர்கூடக் கேட்கவில்லையா? ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவரை அந்தப் பங்கில் யாருக்கும் தெரியாது. கொட்டாஞ்சேனையில் இருந்தபோது இரண்டு ஞாயிறு காணவில்லை என்றால் மூன்றாம் ஞாயிறு யாராவது வாசலில் வந்து நின்று, “என்ன, சுகமில்லையா?” என்று கேட்டிருப்பார்கள். பங்கு என்றால் அதுதான். லூசியாள் பேராலயத்தில் அவருக்கென்று ஒரு வாங்கு இருந்திருக்கும், பக்கத்தில் இன்னாரென்று இருந்திருக்கும். கணவரை இழந்தார், வீட்டை இழந்தார், அதோடு அந்த வாங்கையும் இழந்தார். நீங்கள் அவருக்கு நேரத்துக்குச் சோறு கொடுத்திருப்பீர்கள், மருந்து கொடுத்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு மனிதரைக் கொடுக்கவில்லை.

சரி, என்ன செய்வது?

முதலில் மாமியிடம் போய், “இவ்வளவு நாளும் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லுங்கள். கணவரும் பக்கத்தில் நிற்கட்டும். அது அவருடைய தாய், இந்தக் கடிதத்தில் அவர் எங்கேயும் வாய் திறக்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். மகன் காதுபட நடந்தால் நல்லது, அவனுக்குக் காட்டுவதற்காக நடக்கவேண்டாம்.

அப்புறம் பங்குப் பணிமனையில் சொல்லி, வீட்டுக்கு நன்மை கொண்டுவரும் முதியவர்களின் பட்டியலில் மாமியின் பெயரைக் கொடுங்கள். முழங்கால் வீங்கி உண்மையாகவே முடியாமல் போகும் வாரங்களுக்கு அது. மற்ற வாரங்களில் இறக்குங்கள். ஞாயிறு காலை நெருக்கடி என்றால் சனி பின்னேரப் பூசை இருக்கிறது, அதுவும் ஞாயிறு கடனைத் தீர்க்கும். பக்கவாசல் ஓரமாக ஒரு கதிரை கேட்டால் போட மறுக்கிற கோயில் கொழும்பில் இல்லை. டிசம்பர் 13 லூசியாள் திருநாளுக்கு ஒரு தடவை கொட்டாஞ்சேனைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பழைய முகங்களைக் காணட்டும்.

மகனுக்கு ஒரு பிரசங்கமும் வேண்டாம். டியூஷனைச் சனிக்கிழமைக்கு மாற்றியது நல்ல காரியம், அதைச் செய்யத் துணியாத தாய்மார் எனக்கு நிறைய எழுதுகிறார்கள். (ஞாயிறு காலையில் வகுப்பு வைப்பவர்களைப் பற்றி எனக்கு இருக்கும் கோபத்தை வேறொரு இதழில் எழுதுகிறேன்.) அவனிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்: “அப்பம்மா ஞாயிறு கோயிலுக்கு வருகிறா. இறக்க உன் கை வேணும்.” உள்ளே வா என்று சொல்லாதீர்கள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினால் திரும்பட்டும். வெளியே மதிலோரம் நின்று போனைப் பார்த்தால் பார்க்கட்டும். அவன் உள்ளே வருகிறானா என்று நீங்கள் பூசை நடுவில் திரும்பித் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஏனென்றால், தங்கச்சி, மகனைப் பிடிக்கிற தூண்டிலாக மாமியை நீங்கள் பாவிக்கத் தொடங்கினால் அது முதல் செய்த பிழையைவிடக் கேவலம். மகன் இனி ஒருநாளும் கோயில் வாசலை மிதிக்கவே மாட்டான் என்று தெரிந்தாலும் மாமியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் மாமிக்கு 16 வயதாக இருந்த காலத்தில் பூசை இலத்தீனில். தாய்மொழியில் வழிபடலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது 1963 டிசம்பர் 4ஆம் திகதி. விளங்காத மொழியில் பூசை கண்டுகொண்டு அந்த வயதில் அவர் ஏன் போனார், பிறகு முதல் தடவை தமிழில் கேட்டபோது எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? படிக்கட்டில் மூச்சு வாங்க நிற்கும் நேரத்தில் பேரன் கேட்கட்டும். உங்களிடம் கேட்ட அதே கேள்விதான், “நேரில் போய் என்ன?” என்பது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே, டிவிக்கு முன்னால் இருக்கிறார்.

பூசை ஏழு மணிக்கு என்றால் ஆறேகாலுக்கே இறங்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாடியிலும் நிற்கட்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கீழே போட்டுவிடுங்கள், படியில் செருப்போடு இறங்கினால் வழுக்கும். சனிக்கிழமை இரவே எந்தச் சேலை என்று கேட்டு எடுத்து வைத்து, காலையில் அந்தத் தோள் ஊசியை நீங்கள் குத்திவிடுங்கள்.