பையர் குத்துகிறாரா, குனிகிறாரா?

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் பிடித்து முடித்துக் கொடுப்பவராக) இருக்கிறேன். சாதா காட்டனுக்குப் பதில் ஆர்கானிக் காட்டன் எடுக்கச் சொல்லி எங்களிடம் துணி வாங்கும் இங்கிலாந்து பையரிடம் ஒரு வாரம் மன்றாடினேன். 'ஓகே, யூ ஹேவ் டாக்டு மீ இன்டு இட்' என்று மெயில் வந்திருக்கிறது. ரொம்பப் பேசிவிட்டேன் என்று குத்துகிறாரா? 'சாரி' போடட்டுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சாரி வேண்டாம், புரோஃபார்மா இன்வாய்ஸ் (சரக்குக்கு முன்பே போகும் விலைப்பட்டியல்) அனுப்புங்கள். மனிதர் சம்மதித்துவிட்டார்!

'டாக்', 'இன்டு' இரண்டையும் தனித்தனியாக அகராதியில் பார்த்தால் 'உள்ளே பேசு' என்றுதான் வந்து நிற்கும். பேசிப் பேசியே ஒருவரைக் காரியத்தில் இறக்கிவிடுவதுதான் 'டாக் இன்டு'. நாம் 'வாங்க வைத்தான்', 'ஒத்துக்கொள்ள வைத்தான்' என்கிறோமே, அந்த 'வை' செய்கிற வேலையை அங்கே 'இன்டு' செய்கிறது. மிரட்டிச் செய்ய வைத்தால் 'புல்லி இன்டு', ஏமாற்றிச் செய்ய வைத்தால் 'ட்ரிக் இன்டு'. ஒரே அச்சில் எந்த மாவையும் பிழியலாம்.

முதலில் மனமில்லாமல் இருந்தவரிடம்தான் இந்தச் சொல் செல்லும். தானாக ஆர்டர் கொடுக்க வந்தவரை யாரும் 'டாக் இன்டு' செய்வதில்லை. 'சரிப்பா, உன் வழிக்கே வந்துட்டேன்' என்று உங்கள் பையர் சிரிக்கிறார். நாளைக்கே துணி சுருங்கி, அவர் தன் மேலதிகாரி முன்னால் நின்று 'ஹீ டாக்டு மீ இன்டு இட்' என்றால் கதை வேறு. 'எனக்கு இஷ்டமே இல்லை, அவன்தான் வேப்பிலை அடித்தான்' என்று பழி உங்கள் தலையில் விழும்.

எழுதும்போது ஆள் நடுவில் வர வேண்டும், செயல் 'இங்' போட்டு முடிய வேண்டும்: 'ஐ டாக்டு ஹிம் இன்டு பையிங்'. நம்மவர்கள் 'டாக்டு ஹிம் டு பை' என்று எழுதித் தள்ளுகிறார்கள். 'பெர்சுவேட்' (இணங்க வை) போட்டால்தான் அந்த 'டு' செல்லும். பேசித் தடுத்து நிறுத்தினால் 'டாக் அவுட் ஆஃப்'. 'டாக் ஓவர்' வெறும் கலந்து பேசுவதுதான், அதில் யாரும் மசிய வேண்டியதில்லை.

(எதற்கெடுத்தாலும் 'கன்வின்ஸ் பண்ணிட்டேன்' என்பவர்களுக்கு: அதன் லத்தீன் வேரில் இருப்பது வெற்றி. 'பெர்சுவேட்'டின் வேரோ 'ஸ்வீட்'டுக்குச் சொந்தம்.)

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். 'எஸ் சார், ஐ டாக்டு யூ இன்டு இட்' என்று பதில் போட வேண்டாம். அதை அவர் சொல்லலாம். நீங்கள் சொன்னால் ஆர்டர் சாதா காட்டனுக்கே திரும்பிவிடும்.