தோட்டா ஏற்றினால் கட்டைவிரல் நோகிறது, உதிரி பாகம் வாங்கலாமா?

கேள்வி: புதிதாக 12 போர் (குழலின் விட்ட அளவு) பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் வாங்கியிருக்கிறேன். தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் மேகசின் குழாய்க்குள் தோட்டாவைத் தள்ளுவதே பெரும்பாடாக இருக்கிறது. நகக்கண்ணில் கீறுகிறது, சில தோட்டாக்கள் உள்ளே போய்த் திரும்ப வெளியே வருகின்றன. லிஃப்டர் (தோட்டாவை மேலே தூக்கிக் கொடுப்பது), ஃபாலோயர் (குழாய்க்குள் ஸ்பிரிங்குக்கும் தோட்டாவுக்கும் நடுவே இருப்பது), ஸ்பிரிங் மூன்றையும் மாற்றினால் வழுக்கிக்கொண்டு போகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் தொல்லைகளுக்குக் காரணம் வேறு வேறு.

முதலில் தோட்டா திரும்பி வருவது. குழாயின் வாயில் தோட்டாவின் அடி விளிம்பைப் பிடித்து நிறுத்த ஒரு சிறிய தடுப்பு நாக்கு இருக்கிறது. விளிம்பு அதைத் தாண்டியதும் 'டிக்' என்று கேட்கும். அதற்கு முன்பே விரலை எடுத்தால் ஸ்பிரிங் தோட்டாவை வெளியே தள்ளிவிடும். ரெமிங்டன் 870 மாதிரியில் இது இன்னும் வம்பு. போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) மூடியிருக்கும்போது லிஃப்டர் கீழே இறங்கி வாயை மறைத்து நிற்கும், நழுவிய தோட்டா அதன் மேல் சிக்கினால் பம்ப் (இழுத்துத் தள்ளும் முன்பிடி) நகராது. மாஸ்பெர்க் 500-ல் லிஃப்டர் மேலேயே ஒதுங்கி நிற்பதால் விரலுக்கு இடம் தாராளம். கட்டைவிரல் நுனியால் குத்தாமல், தோட்டாவின் அடியை விரலின் சதைப்பகுதியால் ஒரே மூச்சில் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். 'டிக்' கேட்ட பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்கள் ஐந்தாறு வாங்குங்கள். கடைக்காரர் சொன்ன மூன்றையும்விட உருப்படியான செலவு இதுதான். பழகும்போது நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குழாய், சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் குழலின் பின்பகுதி) இரண்டும் காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து, தள்ளுவது பெரும்பாடாக இருப்பது. துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசி அனுப்பும் எண்ணெய்ப் பசை இதற்குக் காரணமாக இருக்கலாம். பலர் அதைத் துடைக்காமலே சுடத் தொடங்கிவிடுகிறார்கள். குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே துடையுங்கள். ஸ்பிரிங் எகிறிப் பாயும், உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். துடைத்த பிறகு குழாய்க்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தூசி ஒட்டும், தோட்டாவின் பிரைமரிலும் (அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) கசியும். போல்ட் ஓடும் தடத்திலும் பம்பின் இரண்டு கம்பிகளிலும் ஓரிரு சொட்டு போதும். அப்புறம் காலித் துப்பாக்கியில் பம்பைச் சில நூறு தடவை இழுத்துத் தள்ளுங்கள். உரசும் இடங்கள் தாமே வழவழப்பாகும்.

நகக்கண்ணில் கீறுவது பிசிறால். லிஃப்டரின் ஓரத்திலும் வாயின் விளிம்பிலும் விரலை ஓட்டினால் தெரியும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் ஓரங்களை லேசாக மழுக்கித் தருவார். நீங்களே அரம் எடுத்து உட்காராதீர்கள். தடுப்பு நாக்கில் கொஞ்சம் தேய்ந்தாலும் இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக வெளியே வந்து சிக்கும். துப்பாக்கி புதிது என்பதால், முதலில் உத்தரவாதத்தில் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். அவர்களைக் கேட்காமல் வெளியே தேய்த்தால் அந்த உத்தரவாதம் போனாலும் போகும்.

சரி, அந்த மூன்று பாகங்கள்? கடினமான ஸ்பிரிங் போட்டால் தோட்டா ஏற்றுவது இன்னும் கஷ்டமாகும், எளிதாகாது. இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். ஃபாலோயர் குழாய்க்குள் கோணிக்கொண்டு நின்றால் மட்டும் மாற்றுங்கள். 870-க்கு விரல் இடிக்காத வடிவ லிஃப்டர் கிடைக்கிறது, பயன் உண்டு. ஆனால் அதைக் கடைசியாக யோசிக்கலாம்.

கேள்வி: மலிவான தோட்டா வாங்கினேன். சுட்ட பிறகு பம்ப் பின்னால் வர மறுக்கிறது. துப்பாக்கி கோளாறா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் தோட்டாவைச் சந்தேகப்படுங்கள். மலிவு ரகங்கள் பலவற்றில் அடிப்பகுதி பித்தளை அல்ல, மெல்லிய இரும்பு. சுட்டதும் விரிந்து, சேம்பரின் சொரசொரப்பைப் பற்றிக்கொள்ளும். வேறு இரண்டு மூன்று ரகங்களை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எல்லாமே சிக்கினால்தான் சேம்பரை நன்றாகச் சுத்தம் செய்து, பாலிஷ் போடக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள நீளத்தையும் குழலில் பொறித்திருப்பதையும் ஒப்பிடுங்கள். 70 மி.மீ. சேம்பரில் 76 மி.மீ. தோட்டா பெரும்பாலும் உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது அதன் மடிந்த வாய் முழுதாக விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா அதைவிட மோசம். 12 போர் குழலில் போட்டால் முன்னால் நழுவிப் போய் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போருக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கம் வந்ததே இதனால்தான். வீட்டில் இரண்டு துப்பாக்கியும் இருந்தால், கிளம்பும் முன் கோட்டுப் பையைக் கவிழ்த்து உதறிவிட்டுப் போங்கள்.