இன்டர்னல் 38 இருந்தும் ஏன் அரியர்? அண்ணா பல்கலைக்கழகம்: நெல்லைச் சீமையின் கேள்விகள்

மதிப்பெண், வருகைப் பதிவு பற்றிய பதில்கள் 2021 விதிமுறைப்படி, தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கானவை. தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் பட்டம் அண்ணா பல்கலையுடையதுதான். ஆனால் வினாத்தாள் கல்லூரியே எடுப்பது, அதனால் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

களக்காட்டிலிருந்து: அண்ணாச்சி, மேத்ஸ்ல இன்டர்னல் (காலேஜ்ல போடுற மார்க்) 40-க்கு 38. ரிசல்ட்ல யு (தேர்ச்சியில்லை) போட்டிருக்கு. விடைத்தாள் நகல் வாங்கிப் பாத்தா 100-க்கு 43 இருக்கு. ரெண்டையும் கூட்டினா 50-க்கு மேல வருதே?

வருது தம்பி. மொத்தம் 100-ல் இன்டர்னலுக்கு 40, தாளுக்கு 60. அதனால் 43-ஐ 60-க்கு மாற்றினால் 25.8, அதோடு 38 சேர்ந்தால் 63.8. ஆனால் மொத்தத்தில் 50 எடுத்தால் மட்டும் போதாது, பல்கலைத் தேர்வுத் தாளிலேயே தனியாக 45 எடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அதில் 2 மார்க் குறைகிறது. இன்டர்னல் நாற்பதுக்கு நாற்பதே இருந்தாலும் இந்த 45-ஐ அது ஈடுகட்டாது.

நகல் கையில் இருப்பது நல்லது. திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா, உள்பிரிவு மார்க்குகளின் கூட்டல் சரியா என்று முதலில் பாருங்கள். பிறகு அதே பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் ஐந்தாறு மார்க் கூடும் என்றால் கெடு முடியுமுன் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், அந்தப் படியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

வள்ளியூரிலிருந்து: எனக்கு நேர் எதிர். இன்டர்னல் 12 தான். பேப்பர்ல எவ்வளவு எடுக்கணும்?

64. மொத்தம் 50 ஆக 60-க்கு 38 வேண்டும், அது 100-க்கு 63.3. இன்டர்னல் 23-ஐத் தொட்டுவிட்டால் தாளில் 45 போதும். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு மார்க்குக்கும் தாளில் ஒன்றே முக்கால் மார்க் வரை கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். முதல் இன்டர்னல் தேர்வை 'அடுத்ததுல பாத்துக்கலாம்' என்று விடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

64 எடுக்க முடியாத மார்க் இல்லை. கணக்குத் தாள் தவிரப் பெரும்பாலான தாள்களில் 10 இரண்டு மார்க் கேள்வி, 5 பதின்மூன்று மார்க் கேள்வி, ஒரு பதினைந்து மார்க் கேள்வி. மூன்று மணி நேரத்தில் முதல் பகுதிக்கு 30 நிமிடம், ஒவ்வொரு பதின்மூன்றுக்கும் 22 நிமிடம், பதினைந்துக்கு 25 நிமிடம். மீதி கால் மணி நேரம் விட்டுப்போனதைப் பார்க்க. முதல் பதின்மூன்றுக்கே முக்கால் மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பதினைந்து மார்க்கைத் தொடாமல் வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு யூனிட்டை மொத்தமாக ஒதுக்கினால் ஒரு பதின்மூன்றும் இரண்டு சின்னக் கேள்விகளும் போகும், 17 மார்க். 64 தேவைப்படுகிறவர் அதைச் செய்யக் கூடாது.

அம்பையிலிருந்து: ஊர்க் கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) மூணு நாள் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் அடிபடுமா?

மூன்று நாளில் ஒன்றும் ஆகாது. செமஸ்டரில் 450 மணி நேர வகுப்பு நடந்தால் 112 மணி நேரம் வரை விடலாம், 75 சதவீதம் நிற்கும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்றோ விளையாட்டுப் போட்டிச் சான்றோ காட்டி கல்லூரி முதல்வரின் அனுமதி பெற வேண்டும், கொடை அதில் வராது. 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். கொடைக்குப் போங்கள், ஆனால் காய்ச்சலுக்கென்று கொஞ்சம் மணி நேரத்தை மிச்சம் வையுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்: தம்பி, மக உதவிபெறும் பள்ளியில ஆறுலேருந்து பன்னெண்டு வரை தமிழ் மீடியம். 7.5 சதவீதத்துல வருவாளா?

வர மாட்டாள் அக்கா. அது பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு. பாளையங்கோட்டையில் உதவிபெறும் பள்ளிகள் அதிகம், அதனால் இந்தக் குழப்பமும் அதிகம். ஆனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. சேர்ந்ததும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் யாரும் பட்டதாரி இல்லையென்றால் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றுக்கு இப்போதே இ-சேவையில் போடுங்கள். மூத்த பிள்ளை ஏற்கெனவே அந்தச் சலுகையை வாங்கியிருந்தால் இளையவளுக்குக் கிடையாது.

தென்காசியிலிருந்து: கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88. கட்ஆப் எவ்வளவு? கவுன்சலிங்ல சாய்ஸ் லிஸ்ட் எப்படிப் போட?

200-க்கு 178. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதி: 92, 42, 44.

'இது கிடைக்காது' என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். உங்கள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருப்பதைத் தருவார்கள். கிடைக்காததை மேலே வைத்தால் நட்டமில்லை. விரும்புகிற, கிடைக்கக்கூடிய கல்லூரியைக் கீழே வைத்தால்தான் நட்டம். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, அதைவிட மேலானதற்குக் காத்திருப்பதாகச் சொன்னால், கிடைத்ததற்கு மேலே நீங்கள் எழுதியவற்றில் மட்டுமே பார்ப்பார்கள். மேலே ஒன்று வந்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது.

கல்லூரிக் குறியீட்டை ஒவ்வொரு எண்ணாகச் சரிபாருங்கள். நெல்லையில் பல்கலையின் மண்டல வளாகம் வேறு, 1981-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டவர்கள் உண்டு.

வி.கே.புரத்திலிருந்து: எம்.ஐ.டி. (சென்னை குரோம்பேட்டையில இருக்கிற அண்ணா பல்கலை வளாகம்) கிடைச்சிருக்கு. முதல் நாள் எங்க எறங்க?

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம், குரோம்பேட்டை. வளாகம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. பொங்கலுக்கு ஊர் வர வேண்டுமென்றால் 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும், அன்று காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்காருங்கள்.